பச்சை விளக்கும் ஓர் இரைச்சலும்

எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரேடியோவில் அந்த இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

ஜரீனாவுக்கு அதுதான் புரியவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் சத்தி சாலையில் பதினாறு வருடமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறாள். இரைச்சல் என்று வருகிற பத்துக் காரில் ஏழு காருக்கு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் காரணமாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசில் மாதிரி ஏறும், காலை எடுத்தால் இறங்கும், எஞ்சினை அணைத்தால் போய்விடும். மற்றவற்றில் எர்த் ஒயர் பிடிமானம் விட்டிருக்கும், அல்லது மட்டமான செல்போன் சார்ஜர் ஏதாவது செருகியிருக்கும். இந்தக் காரில் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சார்ஜரைப் பிடுங்கினாள், கேமராவைக் கழற்றினாள், பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தாள். ரேடியோவுக்குப் பின்னால் ஆண்டெனா ஒயரை இழுத்தபோது இரைச்சல் நின்றது. செருகியதும் திரும்ப வந்தது. அப்படியென்றால் அது பேட்டரி வழியாக வரவில்லை, காற்றில் வருகிறது.

காரின் சொந்தக்காரர் சென்னியப்பன், நம்பியூர்க்காரர். ஐம்பத்தேழு வயது. வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த வாரத்தில் அவர் கடைக்கு வந்தது இது மூன்றாவது முறை.

"பாட்டுக்கூட வேண்டாமுங்க அம்மிணி," என்றார் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தபடியே. "மத்தியானம் பட்டுக்கூடு விலை சொல்லுவாங்க. அது ஒண்ணு கேட்டாப் போதும். அந்த நேரம் பாத்துத்தான் இது நெம்ப இரையுது."

ஊரில் முக்கால்வாசிக் கார்கள் மின்சாரத்துக்கு மாறிவிட்டிருந்தன. அந்த மோட்டார்கள் போடுகிற சத்தத்தில் மீடியம் வேவ் கேட்காது என்று அதை ரேடியோவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சென்னியப்பனுடையது பழைய டீசல் கார். கோயம்புத்தூர் நிலையம் அதில் இன்னும் கேட்கும்.

ஒரு வழி இருந்தது. முன்கண்ணாடி ஓரம் இருக்கும் ஆண்டெனாவை எடுத்துக் காரின் பின்பக்கம் வைத்து, நடுவில் ஒரு ஃபில்டர் போட்டால் எந்த இரைச்சலும் அடங்கிவிடும். காரணம் தெரியாதபோது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் அன்றைக்கு அவளிடம் அவ்வளவு நீளமான ஆண்டெனா ஒயர் இல்லை. நாளைக்கு வரும் என்று மொத்தக் கடையில் சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்கு ஒருக்கா வாங்கண்ணா. மாத்திக் குடுத்தர்றேன்," என்றாள்.

சென்னியப்பன் சரி என்று இறங்கி எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போனார். திறந்து போட்ட பேனலை மூடலாம் என்று ஜரீனா குனிந்தாள். ரேடியோவில் ஒரு பெண் மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது.

ஜரீனா நிமிர்ந்தாள். அவள் எதையும் தொடவில்லை. டீயை முடித்துவிட்டு சென்னியப்பன் திரும்பி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். மக்காச்சோளம் இரைச்சலுக்குள் மூழ்கியது.

"அண்ணா, போனக் குடுங்க."

போனை வாங்கிக் கடைக்குள் வைத்தாள். வாட்ச், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். இரைச்சல் இருந்தது. தன் சின்ன டிரான்சிஸ்டரை எடுத்து வந்து அதே நிலையத்தில் வைத்து, காலருகே, இருக்கைக்கு அடியில், கதவோரம் என்று காட்டிப் பார்த்தாள். சட்டைப் பைக்கு நேராகக் கொண்டுபோனபோது டிரான்சிஸ்டர் கத்தியது. பையில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவள் அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டாள். அது ஒரே சீராக இல்லை. ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று விட்டு விட்டு வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரலை வைத்தாள். நாடியும் இரைச்சலும் ஒன்றாக ஓடின.

"அண்ணா, உங்க உடம்புல ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

"விதை இருக்குதுங்க. நாலு வருசமாச்சு."

விதை என்பது இதயத்துக்குள் வைக்கும் துடிப்புக் கருவி. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே அனுப்பி வைத்துவிடுவார்கள், தையல்கூடக் கிடையாது. முன்பெல்லாம் பேஸ்மேக்கர் வைத்தால் எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். விதைக்குப் பேட்டரியே இல்லை. அரசுக் காப்பீட்டில் இலவசமாக வைத்தார்கள் என்பதால் கூலி வேலை செய்பவர்கள்கூட வைத்துக்கொண்டார்கள். சாகவேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்து வேலைக்குப் போனார்கள். விதை நன்றாக இருந்தால் போனில் இருக்கிற ஆப் பச்சை விளக்குக் காட்டும்.

சென்னியப்பன் போனை வாங்கித் திறந்து காட்டினார். பச்சையாக இருந்தது.

"நல்லாத்தானுங்களே இருக்குது," என்றார்.

"இருக்கலாமுங்கண்ணா. ஆனா நாலு வருசம் இல்லாத சத்தம் இப்ப எதுக்கு வருது? ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிரலாம். நானும் வர்றேன்."

ஈரோட்டில் அவருக்கு வைத்தியம் பார்த்த இதய மருத்துவர் ஹெப்சிபா. அன்று வெளிநோயாளிகள் கூட்டம் அதிகம். ஜரீனா சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவர் கணினியில் சென்னியப்பனின் விவரத்தைத் திறந்தார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. போன வாரம்கூட ரிப்போர்ட் வந்திருக்கு. எலக்ட்ரானிக் பொருள்னா ரேடியோவில் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்."

"கொஞ்சம்னா நான் வந்திருக்க மாட்டேங்க டாக்டர். நீங்க கீழ வந்து ஒரு நிமிசம் கார்ல உக்காந்து கேளுங்க. அதுக்கப்புறம் போகச் சொன்னீங்கன்னா போயிர்றோம்."

மருத்துவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவர் எழுந்ததை ஜரீனா பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். எழாமல் இருந்திருந்தால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

காரில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மருத்துவர் பின்னிருக்கையிலிருந்து கையை நீட்டிச் சென்னியப்பனின் நாடியைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ இரைந்தது.

"இது உள்ள எப்படி வேலை செய்யுதுங்க டாக்டர்?" என்று ஜரீனா கேட்டாள்.

"இதயம் அடிக்கிற அசைவில் இருந்தே கரண்ட் எடுத்துக்கும். எடுத்ததை ஒரு சின்னத் தொட்டியில் சேத்து வைக்கும்னு வச்சுக்கோங்க. இதயம் ஒரு துடிப்பை விட்டுட்டா, தொட்டியில் இருக்கிறதைக் கொடுத்து அதைத் துடிக்க வைக்கும்."

"தொட்டியில ஏத்தறதுக்கு மோட்டார் மாதிரி ஏதாச்சும் இருக்குமுங்களா?"

"இருக்கும். ஒரு சர்க்யூட்."

"சத்தம் போடறது அந்த மோட்டாருங்க. தொட்டி நல்லா இருந்தா ஏத்திப்போட்டு நின்னுரும். தொட்டி ஓட்டைன்னா நிக்காம ஓடும்."

மருத்துவர் அவளைப் பார்த்தார். "ஆப் பச்சை காட்டுதே?"

"ஆப் எதைப் பாக்குதுங்க?"

"வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியில் தண்ணி இருக்கான்னு பாக்குது." சொல்லிவிட்டு மருத்துவர் நிறுத்தினார். "மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாக்கிறதில்லை."

அன்று மாலையே சென்னியப்பனை டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். ஆறு நிமிடம் ஒன்றுமில்லை. ஏழாவது நிமிடம் வேகத்தைக் கூட்டியபோது அவர் இதயம் நான்கு வினாடி நின்றது. விதை ஒன்றும் செய்யவில்லை. செய்ய அதனிடம் எதுவும் மிச்சமில்லை. தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் நின்றதால் அவர் கீழே விழவில்லை. பக்கத்து மேசையில் கிடந்த போனில் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

மறுநாள் புது விதை வைத்தார்கள். எடுத்த பழையதைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே தொட்டி கசிந்து காய்ந்து போயிருந்தது.

பத்து நாள் கழித்து சென்னியப்பனும் அவர் மனைவி பாவாயியும் கடைக்கு வந்தார்கள். கூடை நிறைய நேந்திரம் பழமும் ஒரு புடவையும் கொண்டுவந்திருந்தார்கள். பாவாயி ஜரீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கிரீஸ் இருக்கிறது என்று ஜரீனா சொன்னது அவள் காதில் விழவில்லை.

"சொல்லத் தெரியலீங்க எனக்கு," என்று கடைசியில் சொன்னாள். "சின்னவளுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்."

ஜரீனா சரி என்று தலையாட்டினாள். அவர்கள் போனதும் கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நீள ஒயர் கையிருப்பில் இருந்திருந்தால் ஆண்டெனாவைப் பின்னால் மாற்றிக் கொடுத்திருப்பாள். சென்னியப்பன் சந்தோஷமாக விலை கேட்டுக்கொண்டே போய் எங்காவது வண்டியோடு கவிழ்ந்திருப்பார். அவர்கள் நன்றி சொன்னபோது அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மருத்துவர் ஹெப்சிபா ஒரு கேள்வி கேட்டிருந்தார். இதே மாதிரி இரைச்சலோடு முன்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். உண்மையில் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடமே மூன்று கார்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. மூன்றிலும் காரணம் பிடிபடாமல் ஆண்டெனாவைப் பின்னால் மாற்றியிருந்தாள். மூன்று பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் காரின் சொந்தக்காரர் சத்தியமங்கலத்தில் பேங்க் ஊழியர். அவர் குடும்பத்தில் யாருக்கும் விதை இல்லை. இரண்டாவது அந்தியூரில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒருவர். அவருக்கு இல்லை, முன்னிருக்கையில் உட்கார்ந்து வருகிற அவர் அம்மாவுக்கு இருந்தது. ஈரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்ததில் அந்த விதையும் கசிந்திருந்தது. மாற்றினார்கள். அந்த அம்மா பிழைத்தார்.

மூன்றாவது கார்க்காரரின் போன் எண்ணுக்கு அடித்தபோது ஓர் ஆண் எடுத்தார். கவுந்தப்பாடி, திலகமணி டீச்சர் வீடுங்களா என்று கேட்டாள்.

"ஆமாங்க," என்றது குரல். "அவங்க இல்லீங்க. போன கார்த்திகையில தவறிட்டாங்க."

ஜரீனா இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள்.

திலகமணியின் கணவர் குழந்தைவேல் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போடுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். காம்பவுண்டுக்குள் அந்தப் பழைய வெள்ளைக் கார் உறை போட்டு நின்றது. ஜரீனா தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். விதை கசிவது, இரைச்சல், சென்னியப்பன், அந்தியூர் அம்மா.

"டீச்சருக்கு விதை இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறி மேல போனவ அங்கயே உக்காந்துட்டா. அவ்வளவுதான். பச்சையாத்தானே இருக்குது, இது வேற ஏதோன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அவ போனுல மூணு நாள் பச்சை எரிஞ்சுது. நாலாம் நாள் நானே அணைச்சுட்டேன்."

ஜரீனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சத்தம் கேட்டுட்டு இருந்திருந்தா என்னிக்காச்சும் யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்கண்ணா. அதை நிறுத்திக் குடுத்தது நான்தானுங்க. இதச் சொல்லத்தான் வந்தேன்."

குழந்தைவேல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று ஜரீனா நினைத்தாள். போகக் கூடாது என்றும் தோன்றியது.

அவர் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"உங்க மேல கோபப்படலாம்னுதான் உள்ள போனேன்," என்றார். "ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அந்தச் சத்தம் தன்ற நெஞ்சுல இருந்துதான் வருதுன்னு அவளுக்குத் தெரியுமுங்க. சயின்ஸ் டீச்சரில்லீங்களா. கார்ல இருந்து இறங்கி, ஏறி, இறங்கி, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டா."

ஜரீனா காம்பவுண்டில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன்ல சத்தத்தப் பதிவு பண்ணிப் பண்ணி வெச்சா. டாக்டருக்குப் போட்டுக் காட்டோணும்னு. நாங்க காட்டுனது ஈரோட்டுல வேற ஆஸ்பத்திரிங்க. மூணு தடவ போனோம். முதல் தடவ கேட்டாரு, பச்சையைக் காட்டுனாரு. ரெண்டாவது தடவ சிரிச்சாரு. மூணாவது தடவ, மனசுக்கு எதாச்சும் மாத்திரை எழுதித் தரட்டுமான்னு கேட்டாரு. திரும்பி வரும்போது அழுதா. ஒண்ணுமில்லைன்னு அவங்களே சொல்லும்போது நான் எதுக்கு இதக் கேட்டுட்டே பயந்து சாகோணும், நிறுத்திப்போடலாம்னா. அப்புறந்தான் உங்க கடைக்கு வந்தோம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்கண்ணா."

"சொல்லியிருந்தா நீங்களும் சிரிச்சிருப்பீங்களோன்னு அவளுக்கு."

"அந்தப் பதிவெல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. அவ போனு அப்படியே இருக்குது. நான் கேக்கறதில்ல. ஒவ்வொண்ணுலயும் முதல்ல அவ பேசறா, தேதி, எந்த ரோடுன்னு. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

இரைச்சல் இருந்த பதிவுகள் மொத்தம் பத்தொன்பது. தை மாதத்தில் தொடங்கி வைகாசி வரைக்கும். மருத்துவர் ஹெப்சிபா அவற்றைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு வெகுநேரம் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விதைகள் கசிவதைப் பற்றி அவர் அரசுக்கும் நிறுவனத்துக்கும் எழுதிய புகார்க் கடிதங்கள் அதுவரை எங்கேயும் நகரவில்லை. விதையைச் செய்த நிறுவனம் மரியாதையாகப் பதில் எழுதியது. கசிந்தது இரண்டே விதைகள். எப்போது கசிந்தது என்பதற்கு ஆதாரமில்லை. எல்லா விதையிலும் சிறிது இரைச்சல் உண்டு, அதற்கும் கசிவுக்கும் தொடர்பில்லை. இருந்தாலும் பயனாளர்களின் வசதிக்காக அடுத்த மென்பொருள் மாற்றத்தில் அந்த இரைச்சல் ரேடியோவில் கேட்காதபடி செய்துவிடுகிறோம்.

கடைசி வரியை மருத்துவர் படித்துக் காட்டினார். ஜரீனா கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானும் படித்தாள்.

"நானும் அதையேதானுங்க டாக்டர் செஞ்சேன்."

"நீங்க தெரியாம செஞ்சீங்க," என்றார் மருத்துவர்.

பதிவுகளை அளந்து பார்த்தார்கள். தை மாதத்தில் துடிப்புக்கு ஒருமுறை சின்னதாக ஸ்ஸ் என்று வந்த சத்தம், மாசியில் நீண்டு, சித்திரையில் இடைவெளி குறைந்து, வைகாசியில் கிட்டத்தட்ட இடைவிடாமல் ஓடியது. தொட்டி எப்படி மெல்ல மெல்லக் கசிந்தது என்பதை, சாவதற்குப் பத்து மாதம் முன்பிருந்து, தேதி வாரியாக திலகமணியே எடுத்து வைத்திருந்தாள். உலகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு சான்று இல்லை.

பதிவுகளோடு மருத்துவர் மறுபடி எழுதியதும் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஆனி மாதம் அது சென்னையில் கூடியது. சென்னியப்பன் தன் காரிலேயே எல்லோரையும் கூட்டிப்போனார். டீசலுக்குக்கூட யாரையும் பையில் கை வைக்க விடவில்லை. மருத்துவர் ஹெப்சிபாவும் ஜரீனாவும் பின்னிருக்கையில், குழந்தைவேல் முன்னால்.

குழுவின் முன் நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தவர் இளைஞர். பணிவாகப் பேசினார். பதிவுகளின் தொடக்கத்தில் வருகிற பேச்சு தொழில்நுட்பச் சான்றுக்குத் தேவையில்லை, அதை நீக்கிவிட்டு இரைச்சலை மட்டும் ஒலிக்கச் செய்யலாம் என்றார்.

குழந்தைவேல் எழுந்து நின்றார். அதுவரை அவர் அந்த அறையில் வாய் திறக்கவில்லை.

"அய்யா, அத வெட்டாதீங்க. மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயி அவ சொல்ல வந்தத யாரும் முழுசாக் கேக்கல. இங்கயாவது கேக்கட்டுமுங்க."

குழுவின் தலைவி பேச்சோடு போடச் சொன்னார்.

"இது தை இருபத்தி மூணு. காலையில எட்டரை. பவானி ரோடு. கேளுங்க டாக்டர், இதுதான்." பிறகு இரைச்சல். "இது மாசி பதினொண்ணு. எஞ்சின் ஆஃப் பண்ணிட்டேன். கேளுங்க." பிறகு இரைச்சல். ஒரு பதிவில் அவள் நிறுத்த மறந்துவிட்டு, வீட்டில் தக்காளி இருக்கிறதா என்று கணவரைக் கேட்டிருந்தாள். குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். பத்தொன்பதும் ஓடி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. பதினைந்தாவது பதிவுக்குப் பிறகு நிறுவனத்தின் இளைஞர் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

உத்தரவு மறுநாள் காலையில் வந்தது. அந்த வரிசையில் செய்த விதைகள் பதினோராயிரம் பேர் உடம்பில் இருந்தன. எல்லோரையும் வரவழைத்துச் சோதிக்க வேண்டும், கசிந்ததை நிறுவனம் தன் செலவில் மாற்ற வேண்டும், அதுவரை இரைச்சலை மறைக்கும் எந்த மென்பொருள் மாற்றமும் செய்யக் கூடாது. சோதிக்கச் சுலபமான வழி என்ன என்று குழு கேட்டது. மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை நெஞ்சருகே பிடித்தால் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதங்களில் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் பழைய டிரான்சிஸ்டர்களுக்காகக் கடை கடையாக அலைந்தன. அறுநூற்று நாற்பது பேருக்கு விதை மாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரிந்திருக்காது.

அதெல்லாம் பிறகு. உத்தரவு வந்த அன்று அவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மருத்துவருக்குச் சென்னையில் வேலை இருந்ததால் அவர் தங்கிவிட்டார். ஆத்தூர் தாண்டும்போது மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் குழந்தைவேல் திரும்பி ஜரீனாவைப் பார்த்தார்.

"இன்னொரு பதிவு இருக்குதுங்க அம்மிணி. இருபதாவது. குழுவுக்குக் குடுக்கல. அதுல சத்தம் எதுவும் இல்ல, விசாரணைக்கு வேண்டாமுன்னு டாக்டரம்மா தனியா எடுத்து வெச்சுட்டாங்க. நேத்து ராத்திரிதான் எனக்குக் கேக்கத் தெம்பு வந்துச்சு."

சென்னியப்பன் ஒரு கையால் போனை வாங்கிக் காரின் ஸ்பீக்கரோடு இணைத்தார்.

முதலில் பாட்டு கேட்டது. ரேடியோவில் யாரோ பழைய பாட்டு ஒன்றைப் பாட, பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம். பிறகு அந்தக் குரல். முந்தைய நாள் அறையில் கேட்டதைவிட இலேசாக இருந்தது.

"இது வைகாசி இருபத்தி ஒண்ணு. கோபியில இருந்து வீட்டுக்குப் போயிட்டிருக்கோம். இது டாக்டருக்கு இல்ல. சும்மா." கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் ஓடியது. "அஞ்சு மாசமா பாட்டே கேக்கல. என்ற நெஞ்சு சத்தத்தயே கேட்டுட்டிருந்தேன். அந்தக் கடைக்காரப் பொண்ணு வெயில்ல மல்லாந்து படுத்துட்டு ரெண்டு மணி நேரம் ஒயர் இழுத்துச்சு. பேரு கேக்க மறந்துட்டேன். எங்கிருந்தாலும் நல்லா இருக்கோணும்."

"ஆருகிட்டப் பேசற?" என்று குழந்தைவேலின் குரல் கேட்டது.

"ஆருகிட்டயும் இல்ல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பாட்டு இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது.

சென்னியப்பன் காரை ஓரமாக நிறுத்தினார். ஒரு லாரி கடந்து போனது. ஜரீனா முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"இது எனக்குச் சேராதுங்கண்ணா," என்றாள். "அவங்களுக்கு நான் செஞ்சது நல்லது இல்ல."

"அதுக்கப்புறம் அஞ்சு மாசம் இருந்தா," என்றார் குழந்தைவேல். "தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பாட்டுக் கேட்டுட்டுப் போனா. கூடவே பாடுவா. அந்த அஞ்சு மாசம் என்கிட்ட இருக்குதுங்க. அதுக்கு நானும் உங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல." அவர் நிறுத்திக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். "சேருமா சேராதான்னு அவ உங்களக் கேக்கலீங்க அம்மிணி. குடுத்துட்டுப் போயிட்டா."

சென்னியப்பன் சாவியைத் திருகினார். கார் சாலையில் ஏறியது.

"இன்னொருக்கா போடுங்கண்ணா," என்றாள் ஜரீனா.